உதவி கேட்கும் புகை

2002 ஜூன் மாதம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலக் காட்டுப் பகுதியில் பெட்ரோல் தீர்ந்து ஒரு வண்டி நின்றுபோனது. அதில் வந்த பெண் காட்டில் வழி தவறினார். வானில் பறந்த செய்தி ஹெலிகாப்டரின் கண்ணில் படுவதற்காகத் தீ மூட்டினார், மீட்கவும் பட்டார். ஆனால் வறட்சியில் காய்ந்து கிடந்த காடு பற்றிக்கொண்டது. அருகில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த இன்னொரு தீயோடு அது சேர்ந்தது. 4,60,000 ஏக்கருக்கு மேல் கருகியது. நூற்றுக்கணக்கான வீடுகள் அழிந்தன.

உயிர் காக்க மூட்டும் தீ ஊரை அழிக்காமல் இருக்க, முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பகலில் தேடுபவர் கண்ணில் படுவது புகைதான். ஆகவே பெருந்தீ தேவையில்லை. சிறு தீயும் நிறையப் புகையும் போதும்.

வண்டியை விட்டு விலகிப் போகாதீர்கள்; தனி ஆளைவிட வண்டி எளிதில் தென்படும். ஆனால் தீயை வண்டிக்கு அருகே மூட்டக் கூடாது. முப்பது மீட்டராவது தள்ளி, தீப்பொறியைக் காற்று வண்டிப் பக்கம் கொண்டுவராத திசையில் இடம் பாருங்கள். மேலே கிளைகள் இருக்கக் கூடாது. புல், சருகு எல்லாவற்றையும் வெறும் மண் தெரியும்வரை அகலமாகச் செதுக்குங்கள். அணைப்பதற்கான மண்ணை முன்கூட்டியே குவித்து வையுங்கள்.

சுள்ளியில் தீ நன்றாகப் பிடித்ததும் பச்சை இலைகளைப் போட்டால் வெண்புகை எழும். அடர்ந்த காட்டின் பின்னணியில் அது எடுப்பாகத் தெரியும். வெளிர்மணலுக்கும் பனிக்கும் கரும்புகைதான் சரி. வண்டியின் ரப்பர் மிதியடி அதைத் தரும். ஸ்டெப்னியை எரிப்பதென்றால் வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள். இல்லையேல் உள்ளிருக்கும் காற்று சூடேறி டயர் வெடிக்கும். ரப்பர் புகை நச்சு. அது வீசும் பக்கம் நிற்காதீர்கள்.

பெட்ரோலைத் தொடவே வேண்டாம். சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் அதன் ஆவி பற்றும். காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையோடு தவழ்ந்து பரவி, தீக்குச்சி உரசியவரையே சூழ்ந்துகொள்ளும். டீசல் நன்றாகச் சூடேறினால்தான் பற்றும். விறகை முன்பே அதில் நனைக்கலாம். எரியும் தீயில் எதையும் ஊற்றக் கூடாது.

முக்கோணமாக மூட்டிய மூன்று தீ, உலகெங்கும் ஆபத்துக்கான அடையாளம். மூன்றையும் கவனிக்க ஆளில்லை என்றால் ஒன்றோடு நிறுத்துங்கள்.

சுற்றிலும் காய்ந்த புல், பலத்த காற்று என்றால் தீக்குச்சியை எடுக்காதீர்கள். வண்டியின் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் காட்டுங்கள். பல கிலோமீட்டர் தொலைவுக்கும் அந்த ஒளி தெரியும். தீ மூட்டியிருந்தால், உதவி வந்த பிறகும் அதை முற்றிலும் அணைத்துவிட்டே கிளம்புங்கள்.