நீல முட்டையிடும் கோழிகள்

தென் அமெரிக்கக் கண்டத்தின் மேலைக் கடலோரமாக, நீண்ட நாடா ஒன்றை விரித்தாற்போலக் கிடப்பது சிலி நாடு. அதன் தென்பகுதியில் தொன்றுதொட்டு வாழ்ந்துவருவோர் மாப்புச்சே என்னும் பழங்குடியினர். ஸ்பெயின் நாட்டினர் இவர்களை அரவுக்கானர் என்று அழைத்தனர். இம்மக்களின் குடிசை முற்றங்களில் மேய்ந்த கோழிகளுட் சில, வெள்ளை முட்டையும் இடவில்லை. பழுப்பு முட்டையும் இடவில்லை. வெளிறிய வானத்தின் நிறமுடைய நீல முட்டைகளை இட்டன.

அக்கோழிகள் ஒரே வகையின அல்ல. ஒரு வகைக்கு வால் இல்லை. அதனைக் கொயோன்கா என்றனர். நீல முட்டைக்குப் பெயர்பெற்றது அதுவே. மற்றொரு வகை கேத்ரோ எனப்பட்டது. அதற்கு வால் உண்டு. செவியின் அருகே இருபுறமும் இறகுக் குஞ்சங்களும் உண்டு. ரூபன் பூஸ்தோஸ் என்னும் சிலி நாட்டவர் இவ்விரண்டையும் பல்லாண்டுகள் இணைத்து வளர்த்து, வாலின்மையும் செவிக்குஞ்சமும் நீல முட்டையும் ஒருங்கே பொருந்திய கோழிகளைப் பெற்றார்.

1914 ஆம் ஆண்டிற் சிலி சென்ற ஸ்பெயின் நாட்டுப் பேராசிரியர் சால்வதோர் கஸ்தெல்லோ இக்கோழிகளைக் கண்டு வியந்தார். 1921 இல் ஹேக் நகரிற் கூடிய உலகக் கோழி மாநாட்டில் இவற்றைப் பற்றி உரைத்தார். உலகிலுள்ள பிற கோழிகளின் வேறான தனி உயிரினம் இது எனக் கருதி, 'காலஸ் இனாரிஸ்' என்று பெயரும் சூட்டினார். இனாரிஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குக் காதணி என்பது பொருள். ஆனால் அவர் கண்டது தனி உயிரினம் அன்று. பூஸ்தோஸின் கூட்டில் இணைந்து பிறந்த கலப்பே. இதனைப் பின்னர் உணர்ந்த கஸ்தெல்லோ, 1924 இல் பார்சிலோனா மாநாட்டில் அனைவரும் அறியத் தம் கூற்றைத் திருத்திக்கொண்டார். எனினும் முதலிற் பரவிய செய்தி எளிதில் மறையவில்லை. நீல முட்டைக் கோழிகளைப் பற்றிய குழப்பம் அன்று தொடங்கி இன்றுவரை நீண்டு வருகின்றது.

முட்டையின் நிறம் எவ்வாறு உண்டாகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பழுப்பு முட்டை ஒன்றை உடைத்து, ஓட்டின் உட்புறத்தைக் கழுவிப் பார்த்தால் அது ஏறத்தாழ வெண்மையாகவே இருக்கும். பழுப்பு நிறம் ஓட்டின் மேற்பரப்பில் இறுதியாகப் பூசப்படும் பூச்சு. நீல நிறமோ அத்தகையதன்று. பித்த நீருக்குப் பச்சை தரும் பிலிவெர்டின் என்னும் பொருள், ஓடு உருவாகும்போதே அதனுட் கலந்து ஊறுகின்றது. ஆகையால் நீல முட்டையின் ஓடு உள்ளும் புறமும் நீலமாகவே விளங்கும். நீல ஓட்டின்மேற் பழுப்புப் பூச்சுப் படியுமாயின் முட்டை பச்சையாகத் தோன்றும். கரும்பழுப்பு முட்டைக்குப் புகழ்பெற்ற பிரான்சு நாட்டு மாரான் கோழியோடு நீல முட்டைக் கோழியை இணைத்தால், அவற்றின் குஞ்சுகள் வளர்ந்து ஒலிவக்காயின் நிறத்தில் முட்டையிடுவது இதனாலேயே.

இனி, கோழிகளை இனம் பிரித்தறியும் முறை. அமெரிக்க நாட்டுக் கோழி வளர்ப்போர் கழகம் 1976 இல் அரவுக்கானா என்னும் இனத்தை ஏற்றது. அக்கழகத்தின் இலக்கணப்படி இதற்கு வால் இல்லை. வால் எலும்பே இல்லை. வாலடியில் இருக்க வேண்டிய எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை. செவியருகே குஞ்சம் உண்டு. அக்குஞ்சத்தின் இறகுகளை விரலால் ஒதுக்கிப் பார்த்தால், தோலினின்று நீண்ட சிறு தசைக் காம்பு ஒன்று புலப்படும். அக்காம்பின்மேலேயே குஞ்சம் முளைத்துள்ளது. இக்காம்பே ஐயம் அகற்றும் அடையாளம்.

இக்காம்பிற்கு இக்கோழியினம் கொடுக்கும் விலை சிறிதன்று. குஞ்சத்திற்குரிய மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற கரு உயிர் பிழைப்பதில்லை. முட்டை பொரிய இருபத்தொரு நாள் ஆகும். அக்கருவோ பதினேழாம் நாளை ஒட்டி ஓட்டிற்குள்ளேயே மடிந்துவிடும். குஞ்சமுள்ள சேவலையும் குஞ்சமுள்ள பேட்டையும் இணைத்தால், கருக்கொண்ட நான்கு முட்டைகளுள் ஒன்று இவ்வாறு வீணாகும் என்பது கணக்கு. உயிரோடு வெளிவரும் குஞ்சுகளுள்ளும் மூன்றில் ஒன்று குஞ்சமின்றியே பிறக்கும். எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்து வளர்த்தாலும் இந்நிலை மாறுவதில்லை. அழகுக்கென மனிதர் விரும்பும் ஓர் அணிக்காக இத்தனை உயிர்கள் கருவிலேயே அழிவது தகுமோ என்று கேட்போர் உளர். தொன்மையான இனத்தைக் கைவிடலாகாது என்போரும் உளர். குஞ்சமுள்ளதைக் குஞ்சமற்றதோடு இணைத்தால் இவ்விழப்பு நேராது என்பதை அறிந்த வளர்ப்போர் பலர் அவ்வழியைக் கடைப்பிடிக்கின்றனர்.

இக்கேட்டினை ஒழிக்க விரும்பிய அமெரிக்கர் சிலர் உருவாக்கிய இனம் அமெரவுக்கானா. அமெரிக்கா, அரவுக்கானா என்னும் இரு சொற்களின் புணர்ச்சி இது; எந்தப் புணர்ச்சி விதிக்கும் அடங்காத புணர்ச்சி! 1984 இல் எட்டு நிறங்களில் இவ்வினம் ஏற்கப்பெற்றது. இதற்கு வால் உண்டு, செவிக்குஞ்சம் இல்லை. அதற்கு மாறாகக் கன்னங்களிலும் அலகின் கீழும் தாடிபோல் இறகுகள் அடர்ந்திருக்கும். தசைக் காம்பு காணப்படாது. கால்கள் கற்பலகையின் நிறமுடையன. அரவுக்கானாவின் கால்களோ பெரும்பாலும் இளம்பச்சை. முட்டை இரண்டிற்கும் நீலமே.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதனை ஈஸ்டர் முட்டைக் கோழி என்பர். கிறித்தவர் ஈஸ்டர் திருநாளில் முட்டைகளுக்கு வண்ணம் தீட்டும் வழக்கத்தால் வந்த பெயர் அது. இஃது இனம் அன்று. நீல முட்டைக் கோழியின் குருதி கலந்த எக்கலப்பிற்கும் இப்பெயர் பொருந்தும். குஞ்சு வணிகர் பலர் இக்கலப்புக் கோழிகளையே அரவுக்கானா என்றும், எழுத்தைச் சற்றே திரித்து அமெரிக்கானா என்றும் விற்று வந்துள்ளனர். வாங்கியவர் ஆறு திங்கள் தீனியிட்டு வளர்த்து, முதல் முட்டையைக் கண்ட பின்னரே உண்மையை அறிவர். அது நீலமாகவும் இருக்கலாம், பச்சையாகவும் இருக்கலாம், வெறும் பழுப்பாகவும் இருக்கலாம். ஒரே கோழி நாளுக்கொரு நிறத்தில் முட்டையிடும் என்று சொல்வதும் பொய். ஒரு பேடு தன் வாழ்நாள் முழுதும் ஒரே நிறத்திலேதான் இடும். சாயல் சற்று வெளிறலாம், அவ்வளவே. நீல முட்டையிற் கொழுப்பு இல்லை என்பதும் அத்தகைய கூற்றே. நிறம் ஓட்டோடு நின்றுவிடுகின்றது.

குஞ்சாக இருக்கும்போதே அறிய வழியில்லையோ எனின், ஓரளவு உண்டு. கொண்டையைப் பார்க்க வேண்டும். நீல முட்டைக்குரிய மரபணுவும், பட்டாணிகளை வரிசையாகப் பதித்தாற்போன்ற சிறு கொண்டைக்குரிய மரபணுவும் ஒரே குரோமோசோமில் அருகருகே உள்ளன. ஆதலின் அவை பெரும்பாலும் சேர்ந்தே வழிவருகின்றன. பட்டாணிக் கொண்டையுள்ள கலப்புக் குஞ்சினிடத்து நம்பிக்கை வைக்கலாம்; வாள்பற்கள் போன்ற ஒற்றைக் கொண்டையுள்ளதனிடத்து நம்பிக்கை குறைவு.

இவ்விதிக்கும் விலக்கு உண்டு. நீல நிறம் வெள்ளையை வென்று வெளிப்படும் என்று 1933 இல் ஆராய்ந்து வெளியிட்ட கேம்பிரிட்ஜ் அறிஞர் பன்னெட்டும் அவர்தம் துணைவர் பீசும் உருவாக்கிய கிரீம் லெக்பார் என்னும் கோழி நீல முட்டையிடும். ஆயினும் அதன் கொண்டை ஒற்றைக் கொண்டையே. அதன் தலையில் இறகுச் சூட்டும் உண்டு. பொரித்த நாளிலேயே முதுகின் கோடுகளைக் கொண்டு சேவற்குஞ்சு எது, பெட்டைக்குஞ்சு எது எனப் பிரித்துவிடலாம் என்பது இதன் தனிச்சிறப்பு.

நீல நிறத்தின் மூலகாரணம் 2013 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. முன்னொரு காலத்தில் கோழியின் உடலிற் புகுந்த வைரஸ் ஒன்று, ஒரு மரபணுவின்கண் தன் கூற்றைப் பதித்துச் சென்றதே அதற்குக் காரணமாம். சீன நாட்டிலும் தோங்சியாங், லூஷி என நீல முட்டைக் கோழிகள் உள்ளன. அவற்றிலும் அதே வைரஸ் அதே மரபணுவிலேயே பதிந்துள்ளது. ஆனால் பதிந்த இடம் சிறிது வேறு. ஆகவே சிலி நாட்டுக் கோழி சீனத்தினின்று நீலத்தைப் பெறவுமில்லை. சீனக் கோழிக்கு அதனைக் கொடுக்கவுமில்லை. அந்நிகழ்ச்சி உலகில் இருமுறை தனித்தனியே நடந்துள்ளது.