டிவிடியில் 4.7 ஜி.பி. முழுசாகக் கிடைக்குமா?

2008ல் உசிலம்பட்டியில் என் சித்தி மகளுக்குத் திருமணம். அடுத்த வாரமே அவள் சிங்கப்பூர் கிளம்ப வேண்டும். போட்டோக்கள், வீடியோ, முகூர்த்த நாதஸ்வரப் பதிவு எல்லாம் என் கம்ப்யூட்டரில் ஒரே போல்டரில் இருந்தன. ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தேன், 4.5 ஜி.பி. மதுரை டவுன் ஹால் ரோட்டில் வாங்கிய டிவிடியின் மேல் 4.7 ஜி.பி. என்று அச்சிட்டிருந்தது. ஆனால் இடம் போதாது என்று பர்னிங் புரோகிராம் மறுத்துவிட்டது.

"ஏம்ப்பா, கடைக்காரர் ஏமாத்திட்டாரா?" என்றார் சித்தி.

அவர் ஏமாற்றவில்லை. இங்கே கணக்கு இரண்டு வகை. டிஸ்க் தயாரிப்பவர்களுக்கு ஒரு ஜி.பி. என்பது 100 கோடி பைட். விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கி, சுமார் 107 கோடி பைட்டை ஒரு ஜி.பி. என்கிறது. டிவிடி ஆர் டிஸ்க்கில் 22,98,496 செக்டார்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 2,048 பைட். பெருக்கிப் பாருங்கள், 470 கோடி பைட் வரும். விண்டோஸ் கணக்கில் இது 4.38 ஜி.பி.தான். டிவிடி பிளஸ் ஆர் வகையில் இன்னும் சுமார் 7 எம்.பி. குறையும். இதேபோல 8.5 ஜி.பி. டபுள் லேயரில் 7.96, 25 ஜி.பி. புளூரேயில் 23.3 எனப் பார்ப்பீர்கள். வேடிக்கை என்னவென்றால், சிடியின் 700 எம்.பி. மட்டும் விண்டோஸ் கணக்கிலேயே சரியாக இருக்கும்.

அந்த நாதஸ்வரம் 75 நிமிட வேவ் பைல், 757 எம்.பி. அதை நீக்கினால் மீதி டிவிடியில் அடங்கிவிடும். ஆனால் 757 எம்.பி. பைலை 700 எம்.பி. சிடியில் எழுத முடியுமா?

முடியும்! சிடியில் ஒரு நொடிக்கு 75 செக்டார்கள். 80 நிமிடத்திற்கு 3,60,000. டேட்டா சிடியாக எழுதினால் ஒரு செக்டாரில் நம் பைலுக்கு 2,048 பைட் மட்டும். மற்ற இடத்தின் பெரும்பகுதி பிழை திருத்தத்திற்குப் போகிறது. ஆடியோ சிடியாக எழுதினால் 2,352 பைட்டும் இசைக்கே. ஆக அதே டிஸ்க்கில் 807 எம்.பி. அளவு இசை அடங்கும். பர்னிங் புரோகிராமில் டேட்டா சிடிக்குப் பதில் ஆடியோ சிடி என்பதைத் தேர்ந்தெடுத்தேன். 75 நிமிடமும் ஏறி, 5 நிமிடம் மிச்சம் இருந்தது. கீறல் விழுந்தால் ஆடியோவில் ஒரு சிறு சத்தத்தோடு போகும். டேட்டாவில் ஒரு பைட் மாறினாலும் பைலே திறக்காமல் போகலாம். அதனால்தான் அந்த வேறுபாடு.

விசிடியிலும் இந்தச் சலுகை உண்டு. செக்டாருக்கு 2,324 பைட். அப்படியும் ஒரு டிஸ்க்கில் 80 நிமிடப் படம்தான். 2007ல் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடி விற்ற காலத்திலும், முழுப் படத்திற்கு ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் தேவைப்பட்டதற்கு இதுவே காரணம்.

இடம் வீணாகும் இன்னொரு வழி, கொஞ்சம் கொஞ்சமாக எழுதுவது. சிடியில் இரண்டாவது செஷனைத் தொடங்கும்போது சுமார் 22 எம்.பி. போய்விடும், அதன் பின் ஒவ்வொரு செஷனுக்கும் சுமார் 13 எம்.பி. எனவே எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் எழுதுங்கள்.

இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் டிரைவ் இல்லை, யு.எஸ்.பி.யில் இணைக்கும் ரைட்டர் வாங்கியிருப்பீர்கள். காலி டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் இரண்டு வழிகளைக் காட்டும். யு.எஸ்.பி. பிளாஷ் டிரைவ் போல என்பது வசதியாகத் தோன்றும். ஆனால் ஒருமுறை எழுதும் டிஸ்க்கில் பைலை அழித்தாலும் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. சிடி, டிவிடி பிளேயருக்கான இரண்டாவது வழியையே தேர்ந்தெடுங்கள்.

ஓவர்பர்ன் என்று, குறித்த அளவைத் தாண்டி ஓரம் வரை எழுதும் வசதியும் சில புரோகிராம்களில் உண்டு. கல்யாண வீடியோவுக்கு நான் அதைத் தொடவே மாட்டேன். விரல் படுவதும் கீறல் விழுவதும் அந்த ஓரத்தில்தான்.

சித்தி மகள் ஒரு டிவிடியும் ஒரு சிடியுமாக எடுத்துச் சென்றாள். கொடுக்கும் முன், எழுதியதைச் சரிபார்க்கும் வெரிபை பெட்டியிலும் டிக் செய்து, இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன்.