ஆமூர் மல்லனை வென்ற கிள்ளி

படைக்கலம் ஏதுமின்றி, உடல்வலியும் பயிற்சியுமே துணையாக இருவர் எதிர்நின்று பொருவது மற்போர் எனப்படும். பேர்பெற்ற மல்லனே வெல்வான் என்று காண்போர் எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் பொய்த்துப்போவதும் உண்டு. 2020ஆம் ஆண்டு சனவரித் திங்களில், சப்பானியரின் சூமோ மற்போரில், முதற்பிரிவின் கடைசிப் படியிலிருந்த தொக்குஷோரியு என்பவர், 15 நாட்போட்டியில் 14 வெற்றி பெற்று வாகை சூடினார். யாரும் எதிர்பாராத இத்தகைய வெற்றியொன்றைச் சங்கப்புலவர் இருவரும் பாடியுள்ளனர். புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள செய்யுட்கள் அதனைக் கூறுவன.

வென்றவன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி. இவன் உறையூரை ஆண்ட தித்தனின் மகன் என்றும், தந்தையோடு பகைத்து நாடிழந்து, வேற்றுநாட்டில் புல்லரிசிக் கூழுண்டு வாழ்ந்தான் என்றும் அறிஞர் கூறுவர். அரசிளங்குமரனுக்கு நேரத்தகாத வறுமை அது! ஆயினும் தோள்வலி குன்றவில்லை. முக்காவனாட்டு ஆமூரில் வலிமிக்க மல்லன் ஒருவன் இருந்தான். அவனை எதிர்த்துக் கிள்ளி களம் புகுந்தான்.

போர் நிகழ்ந்த வகையைச் சாத்தந்தையார் கண்முன் நிறுத்துகிறார். கிள்ளி தன் ஒரு காலை மல்லனின் மார்பில் மண்டியிட்டு ஊன்றினான். மறுகாலால் அவனது உபாயத்தை விலக்கி முதுகை வளைத்தான். பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வதுபோல, தலையும் காலும் முறிய மோதினான். இவையனைத்தும் நொடிப்பொழுதில் முடிந்தன. ஊரில் விழாத் தொடங்கிவிட்டது, மனைவியோ மகப்பேற்று நிலையில் இருக்கிறாள், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அவ்வேளையில் கட்டிலுக்கு வார் பின்னும் தொழிலாளியின் ஊசி எத்துணை விரைவாய் ஓடும்! அதனினும் விரைந்ததாம் கிள்ளியின் போர். அரசன் மகனின் வெற்றிக்கு உழைப்பாளியின் கையூசியை உவமையாக்கிய புலவரின் நெஞ்சம் பெரிது.

மகிழினும் மகிழாவிடினும், இவ்வெற்றியைத் தித்தன் காணவேண்டும் என்பது சாத்தந்தையாரின் வேட்கை.

ஆமூரிலோ பேச்சு இரண்டுபட்டது. கிள்ளிக்கு அது தன் ஊருமன்று, தன் நாடுமன்று. ஆதலின் வெற்றி அவனதே என்றனர் ஒருசாரார். அன்று என்றனர் மற்றொருசாரார். அவன்மேல் காதல் கொண்டிருந்த பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார்க்கு அவ்வழக்கு வேண்டியிருக்கவில்லை. காற்சிலம்பு ஒலிக்க ஓடி, தம் வீட்டுப் பனையின் பருத்த அடியைச் சார்ந்து நின்று, அவன் வென்றதைத் தம் கண்ணாலேயே கண்டார்.