வெற்றிடமும் வேற்றுமையும்: அலுவலக ஆவணங்களைக் கணினி தானே ஆக்கும் முறை குறித்து

அலுவலகம் ஒன்றிலிருந்து வெளிச்செல்லும் கடிதங்களுட் பெரும்பாலானவை ஒருமுறை எழுதப்பட்டுப் பலமுறை அனுப்பப்படுவன. பரீட்சைக்குத் தோற்றுமாறு அழைக்கும் கடிதம், நிலுவையைச் செலுத்துமாறு கேட்கும் கடிதம், விண்ணப்பம் கிடைத்தமையை அறிவிக்கும் கடிதம் முதலியவற்றில் ஆளுக்கு ஆள் வேறுபடுவன பெயரும் முகவரியும் இலக்கமும் திகதியுமே. மாறாத பகுதியை வார்ப்புருவாகவும் மாறுவனவற்றைப் பட்டியலாகவும் பிரித்து வைத்து, இரண்டையும் இணைக்கும் வேலையைக் கணினியிடம் ஒப்படைப்பதே ஆவணங்களைத் தன்னியக்கமாக ஆக்குதல் எனப்படுகின்றது. இம்முறை தமிழில் எவ்வாறு இயங்குகின்றது, எங்கே இடறுகின்றது என்பதை ஆராய்வதே நமது நோக்கம். இவ்விடர்ப்பாட்டை எழுத்துருவின் குறையாகக் கொள்வோர் பலர். நாம் இதனைப் பெரும்பாலும் இலக்கணம் சார்ந்த ஒன்றாகவே கருதுகின்றோம்.

முறையின் வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். 1964ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் காந்த நாடா பொருத்திய தட்டெழுத்துப் பொறி ஒன்றை வெளியிட்டது. தட்டெழுதியவை நாடாவிற் பதிவாகும். நாடாவை மீள இயக்கினாற் பொறி தானே தட்டெழுதிச் சென்று, குறித்த இடத்தில் நின்று, பெயரை இடுமாறு காத்திருக்கும். 1978இல் வெளிவந்த வேர்ட்ஸ்டார் என்னும் சொற்செயலியும் அதனுடன் இணைந்து வந்த அஞ்சல் இணைப்புக் கருவியும் அக்காத்திருப்பையும் நீக்கின. 1979இல் டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்டன் ஆகிய இருவர் ஆக்கிய விசிகால்க் முதலாவது விரிதாளாகப் பரவியது. 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் எக்செல், 1987இல் பவர்பொயின்ட் என அடுத்தடுத்து வந்தன. 1993இல் எக்செலினுள்ளே விசுவல் பேசிக் மொழி புகுத்தப்பட்ட பின்னர், எழுதுநர் செய்யும் வேலையைச் செய்நிரலாக எழுதி வைத்தல் அலுவலகங்களிற் பரவலாயிற்று.

அடுத்த மாற்றம் கோப்பின் உள்ளமைப்பில் நிகழ்ந்தது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் வேர்ட், எக்செல், பவர்பொயின்ட் கோப்புகள் சுருக்கிக் கட்டப்பட்ட பொதிகளாயின. பொதியை அவிழ்த்தால் உள்ளே எக்ஸ்.எம்.எல். குறிமொழியில் எழுதப்பட்ட பல சிறு கோப்புகள் காணப்படும். இவ்வமைப்பு 2006இல் எக்மா நியமமாகவும் 2008இல் ஐ.எஸ்.ஓ. நியமமாகவும் ஏற்கப்பட்டது. ஆகவே வேர்ட் மென்பொருளைத் திறவாமலே, பைதன் போன்ற மொழியில் எழுதிய சிறு செய்நிரல் கொண்டு ஆயிரம் கடிதங்களை ஆக்கிவிடலாம். இதிற் புதியவர் பலரை மலைக்கவைக்கும் ஒரு நுட்பமுண்டு. வார்ப்புருவில் ஒரே சொல்லாகத் தோன்றும் இடங்காட்டி, இடையில் ஒருமுறை திருத்தப்பட்டிருப்பின், கோப்பினுள்ளே இரண்டு மூன்று துண்டுகளாக உடைந்து கிடத்தல் கூடும். செய்நிரல் முழுச்சொல்லைத் தேடிக் காணாது, மாற்றாமலே விட்டுவிடும். பிழை என்று அறிவிக்கவும் மாட்டாது. இடங்காட்டியை அழித்து ஒரே மூச்சில் மீளத் தட்டெழுதுவதே எளிய பரிகாரம்.

இனி நம் பொருளுக்கு வருவோம். வார்ப்புரு என்னும் எண்ணத்தின் அடியில் ஓர் எடுகோள் உளது: வெற்றிடத்தில் எப்பெயரை இட்டாலும் அப்பெயரும் மாறாது, அயலிலுள்ள சொற்களும் மாறா என்பதே அது. ஆங்கிலம் பெயர்க்கு முன்னே தனிச்சொல்லை வைத்து இடப்பொருளை உணர்த்துவதால் அவ்வெடுகோள் அம்மொழிக்கு ஏறக்குறையப் பொருந்தும். தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டுவது. ஒட்டும்போது பெயரின் ஈறும் திரிவது. எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களுள் உருபியல் என ஒன்றைத் தொல்காப்பியர் தனியே வகுத்தமை, இம்மாற்றம் எத்துணை விரிந்தது என்பதற்குச் சான்றாகும்.

இலங்கையின் 25 மாவட்டங்களையே எடுத்துக்கொள்வோம். “தங்கள் பரீட்சை நிலையம் ______இல் அமைந்துள்ளது” என ஒரு வார்ப்புரு இருப்பதாகக் கொள்க. பட்டியலிலுள்ள பெயரை அவ்வாறே இட்டால் 25இல் ஒன்றேனும் செவ்வையாக அமையாது. யாழ்ப்பாணம், புத்தளம், அனுராதபுரம் என்னும் மூன்றும் மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை பெற்று யாழ்ப்பாணத்தில், புத்தளத்தில், அனுராதபுரத்தில் என வருவன. திருகோணமலை, அம்பாறை, பதுளை, மாத்தளை முதலிய ஐகார ஈற்றுப் பெயர்கள் பத்தும், கண்டி, காலி, இரத்தினபுரி, கிளிநொச்சி என்னும் இகர ஈற்றுப் பெயர்கள் நான்கும் யகர உடம்படுமெய் பெறுவன. வவுனியா, நுவரெலியா, கம்பஹா என்பன வகர உடம்படுமெய் பெற்று வவுனியாவில் என்றாற்போல வருவன. கொழும்பு, மட்டக்களப்பு என்பவற்றின் குற்றியலுகரம் கெடும். முல்லைத்தீவு என்பதன் இறுதி முற்றியலுகரமாயினும் வழக்கில் அதுவும் அவ்வாறே கெடுகின்றது. எஞ்சிய மன்னார், குருநாகல் இரண்டிலும் ஈற்று மெய்யின்மீது உயிர் ஏறும்.

இறுதியிற் கூறிய இவ்விரண்டுமே மிக எளியன என்று தோன்றும். ஆயினும் கணினி தமிழை எழுதும் முறை அவற்றையும் எளியனவாக விடவில்லை. நம் இலக்கண மரபில் மெய்யே அடிப்படை. அதனோடு உயிர் சேர உயிர்மெய் பிறக்கும். யூனிகோட் முறையில் அகரம் ஏறிய உயிர்மெய்யே அடிப்படைக் குறியீடு. மெய்யெழுத்தைக் காட்டப் புள்ளி தனிக் குறியீடாகப் பின்னே சேர்க்கப்படும். எனவே மன்னாரில் என்பதை ஆக்குவதற்குச் செய்நிரல் முதலிற் புள்ளியை நீக்கி, பின்னர் இகரக் குறியைச் சேர்த்தல் வேண்டும். புள்ளியை நீக்காது குறியைச் சேர்த்தால் எழுத்துக்குப் பதிலாகப் புள்ளிகளாலான ஒரு வட்டம் திரையிற் தோன்றும். அரசாங்கத் தமிழ் அறிவித்தல்களில் அவ்வட்டத்தைக் கண்டு, அச்சுப்பிழை என்று கடந்துசென்றோர் நம்முட் பலர் இருத்தல் கூடும்.

விதிகளை எழுதிக் கணினியிடம் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். இடப்பெயர்களைப் பொறுத்தவரை அது பெரிதும் பலிக்கும். ஆட்பெயர்களில் விதி விரைவிலேயே தளரும். செல்வம் என்பது செல்வத்துக்கு என்றாகும். ஆயின் சலீம் என்பது சலீமுக்கு என்றே வரும். அகரத்தை அடுத்து வரும் மகரமே கெடும் என விதியைத் திருத்தினால், விக்ரம், அக்ரம் என்னும் பெயர்கள் குறுக்கிட்டு விக்ரமுக்கு, அக்ரமுக்கு என நிற்கும். மறுபுறத்தில் ஆகாரத்தை அடுத்து மகரம் வரும் இஸ்லாம் என்னும் சொல்லோ இஸ்லாத்தில் என வழங்குகின்றது. பிறமொழிச் சொல் எத்துணை காலம் தமிழோடு பழகியது, எச்சமூகத்தார் நாவில் வழங்கியது என்பவற்றைப் பொறுத்தே அதன் புணர்ச்சி அமைகின்றது. ஈற்றெழுத்தை மட்டும் நோக்கும் செய்நிரலுக்கு அவ்வரலாறு புலப்படாது.

இவ்விடத்தில் நம் முன்னோரின் கடித மரபு ஒன்று வியக்கத்தக்க துணையாக அமைகின்றது. “திரு. க. அருளம்பலம் அவர்களுக்கு” என்று எழுதும்போது உருபு பெயரை விட்டு அவர்கள் என்னும் சொல்லை அடைகின்றது. பெயர் எவ்வீற்றதாயினும் மாறாது நிற்கும். மரியாதைக்காக ஏற்பட்ட வழக்கு இயந்திரத்துக்கும் உகந்ததாயிற்று. இடப்பெயர்க்கு இதனை ஒத்தது “மாவட்டத்தில்” என்னும் சொல்லை நிலையாக வைத்தல். அவ்வாறு செய்யின் 25 பெயர்களுள் 22 இடரின்றி அமையும்; யாழ்ப்பாண மாவட்டம் என்பதுபோல மகரம் கெடவேண்டிய மூன்றே எஞ்சும். உயர்வுப்பன்மையும் இத்தகைய துணையே. “தெரிவாகியுள்ளார்” என்னும் வினைமுற்று ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒப்பப் பொருந்துவதால், பால் வேறுபாடு குறித்து நாம் கவலையுற வேண்டியதில்லை. இலக்கங்களும் அவ்வாறே. ஐயாயிரத்தை என வாசிப்பினும் 5,000 ஐ என்றே எழுதுகின்றோம்; உருபு விலகி நிற்பதால் இலக்கம் சிதைவதில்லை.

எதிர்மறை அத்துணை எளிதன்று. ஆங்கில வார்ப்புருவில் மறுப்புச் சொல் ஒன்றை இடையிற் சேர்த்தால் வாக்கியம் எதிர்மறையாகிவிடும். தமிழில் வினைமுற்றே மாறும்: தெரிவுசெய்யப்பட்டுள்ளார், தெரிவுசெய்யப்படவில்லை. ஆகையால் ஒரு சொல்லுக்கன்று, முழு வாக்கியத்துக்கே இரண்டு வடிவங்களை ஆயத்தமாக வைத்தல் வேண்டும். ஒற்று மிகுதலும் கவனத்துக்குரியது. “______ பல்கலைக்கழகம்” என்னும் இடத்திற் பேராதனை என்று இட்டால் இடையே பகர ஒற்று வேண்டும். யாழ்ப்பாணம் என்று இட்டால் மகரம் கெட்டு அதன் இடத்தில் அவ்வொற்று வரும். வெற்றிடத்தின் வலப்புறம் நிலையாக உள்ள சொல்லின் முதலெழுத்து இடப்புறச் சொல்லின் ஈற்றைத் தாக்குகின்றது.

இவ்விடர்கள் நமக்கு மட்டும் உரியன அல்ல. துருக்கி மொழியிலும் இடவுருபு பெயரின் பின்னே ஒட்டும். பெயரின் உயிரொலிக்கு ஏற்ப உருபின் உயிரும் மாறும். ஆயினும் சிறப்புப் பெயர்க்கும் உருபுக்கும் இடையே மேற்குறி இடும் மரபு அம்மொழிக்கு உண்டு. நமக்கு அது இல்லை. இருத்தல் வேண்டும் என நாம் கூறவும் மாட்டோம்.

இதனை ஏன் இத்துணை விரித்துரைக்கின்றோம்? 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இன் பதினாறாம் திருத்தம் சிங்களத்தையும் தமிழையும் நாடெங்கிலும் நிர்வாக மொழிகளாக வகுத்தது. தமிழில் எழுதியவர்க்குத் தமிழில் விடை கிடைத்தல் சட்டப்படி உரிமையாகும். அவ்விடையை இன்று பெரும்பாலும் வார்ப்புருவே எழுதுகின்றது. வேறு மொழியில் ஆக்கிய வார்ப்புருவை, வெற்றிடங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், ஓய்வூதியம் கேட்டெழுதிய முதியவர் தமக்குக் கிட்டியதா இல்லையா என்பதையே உணரமாட்டாது அயலாரிடம் கடிதத்தைக் கொண்டுசெல்ல நேரிடும். தமிழ் வார்ப்புரு தமிழிலேயே முதலில் எழுதப்படல் வேண்டும் என்பது நமது துணிபு. மொழிபெயர்ப்பாளரிடம் முடிந்த கடிதத்தைக் கொடுப்பதிலும் பார்க்க, வெற்றிடங்கள் எவை என்பதைத் தீர்மானிக்கும் வேளையிலேயே அவரை அழைத்தல் நன்று.

விரிதாளைப் பற்றியும் சில கூறவேண்டும். பட்டியல் பழுதாயின் வார்ப்புரு எவ்வளவு திருத்தமாயினும் பயனில்லை. முதலாவது, எழுத்துரு. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய பட்டியல்கள் இன்றும் பல அலுவலகங்களில் உள. தமிழ் என்னும் சொல் பாமினியில் ஜே, கே, பீ, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிவாகியிருக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தோன்றுவது கணினிக்குத் தமிழன்று. தேடுதல், வரிசைப்படுத்தல், ஈறறிதல் எதுவும் அதன்மீது நிகழா. அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவதே முதற்பணி. இரண்டாவது, அகரவரிசை. யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்பதால், பைதனின் இயல்பான வரிசையாக்கம் கமலநாதனுக்கு முன்னே கனகசபையை வைக்கும். புள்ளி, உயிர்க்குறிகளுக்குப் பின்னே எண்ணப்படுவதாற் கண்ணனுக்கு முன்னே கணேசன் வருவார். நம் அகராதி மரபுக்கு இரண்டும் மாறானவை. தமிழ் வரிசை விதிகளைக் கொண்ட நூலகத்தைச் செய்நிரலோடு இணைத்தால் இது தீரும்.

மூன்றாவது, இலக்கங்கள். 2016 முதல் வழங்கப்படும் தேசிய அடையாள அட்டையின் இலக்கம் 12 தானங்களைக் கொண்டது. பொதுவடிவக் கலத்தில் அதனை எண்ணாக இட்டால் எக்செல் அதனைப் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டும். தொலைபேசி இலக்கத்தின் முதற் பூச்சியத்தையும் நீக்கிவிடும். இவற்றைக் கணக்கிடப் போவதில்லையாதலின் எழுத்தாகவே பதிதல் வேண்டும். விரிதாளின் மௌனமான பிழைகள் அற்பமானவை அல்ல. 2020 ஒக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம், 65,536 நிரைகளுக்கு மேல் ஏற்காத பழைய எக்செல் வடிவைப் பயன்படுத்தியமையாற் கொரோனாத் தொற்றாளர் 15,841 பேரின் விவரம் உரிய வேளையில் அறிக்கையிற் சேராது போயிற்று. கணினி எவ்வெச்சரிக்கையும் விடுக்கவில்லை.

படவில்லை முன்வைப்புகளைப் பற்றி விரிக்க அதிகமில்லை. விரிதாளின் எண்களைக் கொண்டு மாதந்தோறும் வரைபுகளைத் தானே புதுப்பிக்கச் செய்தல் இன்று எளிது. தமிழ்ச் சொற்கள் நீண்டவையாதலின் ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் அடங்கா. பெட்டியை அகலமாக வகுத்தலே போதும்.

நடைமுறையில் நாம் பரிந்துரைப்பது பின்வருமாறு. இடப்பெயர்ப் பட்டியலில் எழுவாய் வடிவுக்கு ஒரு நிரலும், உருபேற்கும் வடிவுக்கு இன்னொரு நிரலும், அடையாக நிற்கும் வடிவுக்கு வேறொரு நிரலும் ஒதுக்குக. யாழ்ப்பாணம், யாழ்ப்பாணத்து, யாழ்ப்பாண என்றவாறு ஒருமுறை மனிதரால் நிரப்பப்பட்டால், வார்ப்புரு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மொழி மாதிரிகள் எனப்படும் இக்காலச் செயற்கை நுண்ணறிவு கொண்டும் முதற்படியை நிரப்பலாம். ஆயின் பதினாயிரம் கடிதங்களையும் அதனிடம் விடுவதிலும், ஒருவர் வாசித்துத் திருத்திய ஒரே பட்டியலை வைத்திருத்தல் பாதுகாப்பானது. மாவட்டங்கள் 25க்கும் ஒரு பிற்பகல் போதும். ஊர்ப்பெயர்களுக்குக் கூடிய காலம் பிடிக்கும்: மட்டுவில் என்னும் ஊரின் ஈற்றைச் செய்நிரல் உருபென மயங்கும், மட்டுவிலில் என்று எழுதவேண்டும் என்பதை அவ்வூரவரே தயக்கமின்றிக் கூறுவர்.