படுக்கையில் நோயாளி, நர்ஸ் மேஜையில் நாடித்துடிப்பு!

பொது வார்டில் நோயாளியின் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் நர்ஸ் வந்து பார்ப்பது பெரும்பாலும் 4 அல்லது 6 மணி நேரத்துக்கு ஒரு முறைதான். இடையில், அதுவும் நள்ளிரவில், மூச்சு தடுமாறினால்? துணைக்குப் படுத்திருக்கும் உறவினருக்கும் தெரியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் எந்நேரமும் கண்காணிப்பு உண்டு. ஆனால் உடலெல்லாம் கம்பி. புரண்டு படுக்க முடியாது.

இவ்விரு சங்கடங்களுக்கும் விஞ்ஞானிகள் கண்ட வழிதான் கம்பியில்லா உணர்கருவிகள்.

முதுகில் 38 கிலோ!

இதற்கு முன்னோடி அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர். 1940களின் இறுதியில் அவர் அமைத்த, இதயத்துடிப்பை ரேடியோவில் அனுப்பும் கருவியின் எடை சுமார் 38 கிலோ. மூட்டை போல முதுகில் சுமக்க வேண்டும். இன்றோ அது பிளாஸ்திரி அளவுக்குச் சுருங்கிவிட்டது.

வேலை செய்யும் விதம்

மார்பில் ஒட்டும் வில்லை இதயத்தின் மின்துடிப்பை அறிகிறது. விரலில் மாட்டும் கிளிப், சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி ரத்தத்திலுள்ள ஆக்ஸிஜனைக் கணிக்கிறது. இவ்விவரங்கள் புளூடூத் போன்ற குறைந்த சக்தி அலைகளில் கட்டிலருகே உள்ள பெட்டிக்கும், அங்கிருந்து நர்ஸ் மேஜைத் திரைக்கும் செல்கின்றன. பல ஸ்டேஷன்களின் செய்தி ஒரே கண்ட்ரோல் ஆபீசுக்கு வருவது போலத்தான்.

நமது பெங்களூரில் 2015ல் தோன்றிய டோஸி நிறுவனத்தின் சாதனம் உடலில் ஒட்டுவதே இல்லை. மெத்தைக்கு அடியில் விரித்த விரிப்பு, இதயமும் மூச்சும் எழுப்பும் நுண்ணிய அதிர்வுகளைக் கொண்டு கணக்கிடுகிறது.

டெலிவிஷனால் வந்த வினை

1998 பிப்ரவரியில் டல்லாஸ் நகரில் டிஜிட்டல் டெலிவிஷன் ஒளிபரப்பு தொடங்கியபோது, அங்குள்ள ஆஸ்பத்திரி ஒன்றின் கம்பியில்லா இதயக் கருவிகள் தடைப்பட்டன. இரண்டும் ஒரே அலைவரிசை! நல்லவேளையாக நோயாளிகளுக்குத் தீங்கில்லை. 2000ல் அமெரிக்க அரசு மருத்துவக் கருவிகளுக்கெனத் தனி அலைவரிசைகளை ஒதுக்கியது.

இன்னொரு தொல்லை பொய் மணி. நோயாளி அசைந்தாலும், வில்லை நழுவினாலும் அபாய மணி அடிக்கும். 'புலி வருது' கதையாக, அடிக்கடி அடிக்கும் மணிக்குக் காது பழகிவிட்டால், உண்மையான ஆபத்தும் கவனிக்கப்படாமல் போகலாம்.

கன்னடம் தெரியாமல் ஊரிலிருந்து வரும் நம் பெரியவர்களுக்காக அவர்களுடைய நாடி பேசும். நாடிக்கு மொழி வேண்டாம். ஆனால் வலி எங்கே என்று கருவி சொல்லாது. ஆகவே துணைக்கு இருப்பவர்கள் தயங்காமல் கேளுங்கள்: இரவில் திரையைப் பார்ப்பவர் யார்? மணி அடித்தால் ஓடி வருபவர் யார்? இவற்றுக்குப் பதில் இருந்தால்தான் கருவியால் பயன்.