1250 ரூபாய் 125 ஆனது எப்படி? அடைப்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும் சிக்கல்

செலவுக் கணக்கு பார்க்க நீங்களே ஒரு ஆப் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரும் குறுஞ்செய்தி இப்படி இருக்கிறது: 'பற்று [1250] இருப்பு [8400]'. அடைப்புக்குறிக்குள் உள்ள பற்றுத் தொகையை மட்டும் எடுக்க வேண்டும். அவ்வளவுதானே?

பைத்தானில் பலரும் முதலில் போவது 'ஃபைண்ட்' பக்கம்தான். திறக்கும் குறி எந்த இடத்தில் இருக்கிறது, மூடும் குறி எந்த இடத்தில் என்று கேட்டு, நடுவில் இருப்பதை வெட்டி எடுப்பார்கள். நன்றாகவே வேலை செய்யும், மூடும் குறி இருக்கும்வரை.

ஒருநாள் செய்தி பாதியில் அறுந்து, 'பற்று [1250' என்று மட்டும் வந்து சேர்கிறது. தேடியது கிடைக்கவில்லை என்றால் ஃபைண்ட் சத்தம் போடாது. -1 என்ற எண்ணைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஆனால் வெட்டும் இடத்தில் -1 என்று எழுதினால் பைத்தானுக்கு அர்த்தமே வேறு: 'கடைசி எழுத்தை விட்டுவிடு'. ஆக, கிடைப்பது 125. எர்ரர் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும்போதுதான் தெரியும். எந்தச் செய்தியில் உதைத்தது என்று அப்போதும் தெரியாது.

ஜாவாவில் முடியும் இடமாக -1 கொடுத்தால் புரோகிராம் அங்கேயே விழுந்துவிடும். என்னைக் கேட்டால் அதுவே மேல். பைத்தானிலும் ஃபைண்டுக்குப் பதில் 'இண்டெக்ஸ்' போட்டால், குறி இல்லாதபோது எர்ரர் கொடுத்து நின்றுவிடும்.

'அதான் ரீஜெக்ஸ் இருக்கே' என்பீர்கள். இருக்கிறது, அதற்கும் ஒரு பேராசை உண்டு. \[(.*)\] என்று எழுதினால் முதல் மூடும் குறியில் நிற்காது, கடைசி மூடும் குறிவரை வாரிக்கொள்ளும். கிடைப்பது '1250] இருப்பு [8400'. நட்சத்திரக் குறிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி சேர்த்து \[(.*?)\] என்று எழுதுங்கள், முதல் மூடும் குறியிலேயே நின்றுவிடும்.

அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. 'பற்று [1250 இருப்பு [8400]' என்று நடுவில் ஒரு குறி மட்டும் விடுபட்டால், '1250 இருப்பு [8400' என்று மறுபடியும் குப்பைதான். உள்ளே என்ன வரும் என்று தெரியும்போது அதையே சொல்லிவிடலாமே: பற்று \[([0-9]+)\]. எண்களைத் தவிர வேறெதுவும் நுழையாது. முன்னால் 'பற்று' இருப்பதால் இருப்புத் தொகையும் மாறி வராது. பொருந்தாவிட்டால் பைத்தான் 'நன்' என்று வெறுங்கையை விரிக்கும். அந்தச் செய்தியைத் தனியே எடுத்து வையுங்கள், நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

தொகை 1,250.00 என்று வருமா? அப்படியானால் அந்தச் சதுர அடைப்புக்குள் காற்புள்ளியையும் புள்ளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: [0-9,.]+.