பணக்கஷ்டம் வீட்டுக்குள் எந்த வழியாக நுழைகிறது?

வீட்டில் காசு இல்லாவிட்டால் சண்டை வரும். இது யாரும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் அல்ல. ஆனால் ஒரே சம்பளம், ஒரே அளவு கடன் உள்ள இரண்டு குடும்பங்களில் ஒன்று உடைந்து போகிறது. மற்றொன்று எப்படியோ தாக்குப் பிடித்து விடுகிறது. அது ஏன் என்பதுதான் இங்கே கேள்வி.

ஜொகூரில் பெக்கான் நானாஸ் வட்டாரத்தை எடுத்துக் கொள்வோம். பெயரிலேயே அன்னாசியைச் சுமக்கும் ஊர். அன்னாசிக் கன்று நட்டால் பழம் வெட்ட ஓராண்டுக்கும் மேலாகும். செம்பனைத் தோட்டத்தில் மழைக்காலம் வந்தால் வேலை நாள் குறையும். தொழிற்சாலைக்குப் போகிறவருக்கு ஓவர்டைம் இருந்தால்தான் மாதம் ஓடும். 1998இல் சிங்கப்பூருக்கு இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பிறகு அக்கரை வேலையும் எட்டும் தூரத்துக்கு வந்தது. விடியுமுன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்பும் தகப்பன்மார்கள் தென் ஜொகூரில் ஏராளம். பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று கேட்டால் சற்று யோசித்துச் சொல்கிறவர்களும் அவர்களில் உண்டு. அது அவர்கள் குற்றமல்ல.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பாலங்கள் மூடப்பட்டன. தினமும் எல்லையைக் கடந்து வந்தவர்கள் ஒரே இரவில் முடிவு செய்ய வேண்டியதாயிற்று: அக்கரையில் தங்கினால் சம்பளம் உண்டு, குடும்பம் இல்லை, இக்கரைக்கு வந்தால் குடும்பம் உண்டு, சம்பளம் இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டு 17 முதல் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. அதன்படி குறைந்தது 90 நாள் வேலை செய்த பிறகே ஊருக்கு வரலாம். 2021 நவம்பர் 29இல் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பேருந்துகள் விடப்பட்டன. 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான் எல்லை முழுமையாகத் திறந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்!

அந்த இரண்டு ஆண்டுகளில் பணம் மட்டுமே பிரச்சினையாக இருந்திருந்தால், சம்பளம் வந்துகொண்டிருந்த வீடுகளில் நிம்மதி இருந்திருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை. தொலைபேசியில் முகம் பார்த்தாலும் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தூக்க முடியாது. கணவர் திரும்பி வந்த பிறகும் சிக்கல் தீர்ந்துவிடாது. அவர் இல்லாமலே நடக்க வீடு பழகியிருக்கும். எந்தக் கடைக்குக் கட்ட வேண்டும், யாருக்கு எந்த மருந்து என்று எல்லாவற்றையும் மனைவியே முடிவு செய்திருப்பார். வந்தவர் தம்மை விருந்தாளியாக உணர்வார். அதற்கு ஒரு கோபம், அந்தக் கோபத்துக்கு ஒரு பதில் என்று சண்டை வளர்ந்துவிடும்.

இந்த வழியை ஆராய்ந்து எழுதி வைத்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ரேண்ட் காங்கரும் கிளென் எல்டரும். 1980களில் அங்கே ஐயோவா மாநிலத்தில் விளைநிலங்களின் விலை சரிந்து, விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். அந்தப் பகுதியில் 451 குடும்பங்களை இவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். கடன் நேராகப் பிள்ளையின் மேல் பாயவில்லை என்பது தெரிந்தது. முதலில் தாய் தகப்பனின் மனம் சோர்கிறது. சோர்ந்த மனம் எரிச்சலாகிக் கணவன் மனைவி பேச்சில் வெளிப்படுகிறது. அந்தக் கசப்பு பிள்ளையைத் திட்டுவதிலும் அடிப்பதிலும், அல்லது கண்டுகொள்ளாமல் விடுவதிலும் போய் முடிகிறது. அதன் பிறகே பிள்ளையின் படிப்பும் நடத்தையும் கெடுகின்றன. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆதரவாக நின்ற வீடுகளில் இந்தச் சங்கிலி பலம் இழந்தது. முதலில் கேட்ட கேள்விக்கு விடையின் பெரும் பகுதி இங்கேதான் இருக்கிறது.

இன்னோர் ஆய்வு நம்மவர்களிடமே நடந்தது. தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்து, அதன் முடிவை 2013இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளியிட்டார்கள். அறுவடைக்கு முன்பு 100க்கு 78 பேர் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள். பின்பு 4 பேர்தான். கையில் காசு இல்லாத அந்த மாதங்களில், அதே மனிதர் புத்திக்கு வேலை தரும் சோதனைகளில் குறைவாகவே செய்தார். பணம் வந்ததும் தேறினார். மண்டை முழுக்கக் கடன் ஓடும்போது வேறு எதற்கும் இடம் இருப்பதில்லை. "சொன்னது காதிலேயே விழவில்லையா?" என்று மனைவி கேட்கும்போது, உண்மையிலேயே விழாமல் போயிருக்கலாம். அன்னாசியோ கரும்போ, அறுவடைக்குக் காத்திருக்கும் வீட்டில் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நம் வீடுகளில் மன அழுத்தம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆண்களிடம் அது மௌனமாக, எடுத்ததற்கெல்லாம் கோபமாக, மலிவு விலைச் சம்சுவாக வரும். பெண்களிடம் தலைவலி, நெஞ்சு அடைப்பு, தூக்கமின்மை. பிள்ளை பள்ளியில் சண்டை போடும், அல்லது திடீரென்று மிக நல்ல பிள்ளையாக மாறிவிடும். இந்த இரண்டாவது வகையை யாரும் கவனிப்பதில்லை. அம்மா அழக்கூடாதே என்று பயந்து அடங்கிப்போன பிள்ளை அது.

வெளியே சொல்வதற்கும் வெட்கம். தம்போயில் பெர்மாய் மனநல மருத்துவமனை இருப்பதால், ஜொகூரில் அந்த ஊரின் பெயரே கேலிச்சொல்லாகிவிட்டது. அரசாங்கத்தின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, 2019இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு இருந்த மனச்சோர்வு 2023இல் 4.6 விழுக்காடாகியது. அதாவது இருமடங்கு. இவ்வளவு பேரையும் கேலி செய்து முடியாது.

முதல் வேலை, கடனைக் காகிதத்தில் எழுதுவது. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். யார் வாங்கினார்கள் என்ற விசாரணை வேண்டாம். மறைத்து வைத்த கடன்தான் பெரும்பாலும் வீட்டை உடைக்கிறது. கடனைவிட மறைத்ததே பெரிய காயமாகிறது. வங்கிக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி என்றால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனம் இலவசமாக ஆலோசனை தந்து தவணையைச் சீரமைத்துக் கொடுக்கிறது. வட்டி முதலைகளிடம் வாங்கியது இதில் சேராது. அவர்கள் மிரட்டினால் போலீசுக்குத்தான் போக வேண்டும்.

தூக்கமின்மையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசாங்க சுகாதார கிளினிக்கில் சொல்லலாம். சில கேள்விகள் கேட்டு, தேவையானால் மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். நேரில் போகத் தயங்குகிறவர்களுக்குச் சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய 15555 என்ற தொலைபேசிச் சேவை உண்டு.

தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்க வழி செய்த குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவை 2023 மே மாதம் மக்களவை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அது நடப்புக்கு வந்தது. உயிர் பிழைத்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் வழக்கு வருமோ, ஜெயில் வருமோ என்று வீட்டார் பயந்து மறைத்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பயத்துக்கு இப்போது காரணம் இல்லை.